பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்?

பெரிய மருத்துவமனை ஒன்றின் பொது வார்டுக்குப் போக நேர்ந்தால், கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் டி.பி.ஆர். சார்ட்டை ஒரு தடவை பாருங்கள். காய்ச்சல் கோடு ஏறி இறங்கியிருக்கும். நாடித்துடிப்பு 78, 92, 110 என்று மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் பெரும்பாலும் காலையில் 20, மாலையில் 20, இரவில் 20 என்று ஒரே எண் வரிசையாக நிற்கும். நிமோனியாவில் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும் பெரியவருக்கும் 20. குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கும் இளைஞருக்கும் 20. சில இடங்களில் 20க்குப் பதில் 22 எழுதுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்டாஃப் நர்ஸாகவும் பிறகு நர்சிங் டியூட்டராகவும் மதுரை வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தேர்வுக் காலத்தில் எக்ஸ்டர்னலாகப் பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன். இந்த 20-ஐ எழுதுகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. மூச்சு எண்ணுவதைப் பற்றிப் பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவார்கள். இயல்பான அளவு, வகைகள், டேகிப்னியா, பிராடிப்னியா, சேன்-ஸ்டோக்ஸ் என்று எதுவும் விட்டுப்போகாது. நாடி பார்த்து முடித்த பின்னும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், நோயாளிக்குத் தெரியாதபடி நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்றுகூட எழுதியிருப்பார்கள். தெரிந்தால் மூச்சின் ஓட்டம் மாறிவிடும் என்ற காரணமும் அதில் இருக்கும். முழு மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது.

வார்டில் ஒரு மாணவியிடம் கேட்டேன்.

“எண்ணினியாம்மா?”

“பார்த்தேன் மேடம், நார்மலாத்தான் இருந்துச்சு.”

“நார்மல்னா எத்தனை?”

“ட்வென்ட்டி மேடம்.”

“சரி வா, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம்.”

வாட்சைப் பார்த்துக்கொண்டே எண்ணினோம். 32 வந்தது. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட ஓடியவளும் அவள்தான். எண்ணத் தெரியாதவள் இல்லை. எண்ணியாக வேண்டும் என்று அவளை யாரும் ஒரு நாளும் நிறுத்தி வைத்ததில்லை, அவ்வளவே.

இது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. ஒருவரின் உடல்நிலை மோசமாகப் போகிறது என்பதற்கு ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு சாட்சி சொல்லிவிடும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை அட்டவணையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை பூஜ்யம் புள்ளி. 21-ஐத் தொட்டால் 2 புள்ளி. 25-ஐத் தொட்டால் 3 புள்ளி. அந்த ஒன்றுக்காகவே மருத்துவர் வந்து பார்த்தாக வேண்டும். ஆக, 20 என்பது யாரும் எந்தக் கேள்வியும் கேட்காத கடைசி எண். அதை எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, நோயாளியைத் தவிர.

என் வாதம் ஒன்றுதான். செவிலியரின் திறன் நோயாளியின் பக்கத்தில் அவர் செய்யும் செயலில் இருக்கிறது. நாம் மதிப்பெண் போடுவதோ அவர் எழுதுவதற்கும் ஒப்பிப்பதற்கும். பாடத்திட்டத்தை மாற்றுகிறோம், சட்டத்தை மாற்றுகிறோம், லேபில் பொம்மை வாங்கி வைக்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்து, “இவளைத் தனியே விடலாம்” என்று சொல்ல வேண்டிய ஆளை மட்டும் இன்னும் நியமிக்கவில்லை.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-ல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார். விஷயம் தெரியும் என்பது முதல் படி. எப்படிச் செய்வது என்று தெரியும் என்பது அடுத்தது. செய்து காட்ட முடியும் என்பது மூன்றாவது. யாரும் சொல்லாமலே அன்றாட வேலையில் செய்கிறார் என்பது உச்சிப்படி. நம் எழுத்துத் தேர்வு முதல் படியிலும், வைவா இரண்டாம் படியிலும் நின்றுவிடுகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வும், எய்ம்ஸுக்கான நார்செட்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள்தான். டூ வீலர் லைசென்ஸ் வாங்கக்கூட எட்டு போட்டுக் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் நின்று பார்ப்பார். உயிரைக் கையில் கொடுக்கிற வேலைக்கு, எட்டு போடாமலேயே லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது.

செய்முறைத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு 20 பேருக்கு மேல் தேர்வு வைக்கக் கூடாது என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் விதி. நல்ல விதிதான். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடித்தால், சாப்பாட்டு நேரம் போக ஆறரை மணி நேரம். தலைக்கு 20 நிமிடம்கூட முழுதாகத் தேறாது. அதற்குள் நோயாளியை ஒதுக்க வேண்டும், கேர் ப்ளானைத் திருத்த வேண்டும், ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டும், வைவா கேட்க வேண்டும். ப்ரொசீஜரைப் பார்க்க மிஞ்சுவது சில நிமிடங்கள். அதிலும் டிரேயை எத்தனை அழகாக அடுக்கியிருக்கிறாள் என்று பார்ப்பதிலேயே பாதி போய்விடும். வலது பக்கம் என்ன, இடது பக்கம் என்ன, கிட்னி டிரே எங்கே என்று எல்லாம் படத்தில் உள்ளபடி இருக்கும். ஊசி உள்ளே போகும் நேரத்தில் இரண்டு எக்ஸாமினர்களும் அடுத்த பெண்ணின் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் எக்ஸ்டர்னலாகப் போகும்போது ஒரு வேலை செய்வேன். டிரேயில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பி ஒன்றையும் மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி ஒன்றையும் வைப்பேன். பக்கத்தில் சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒன்று, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஒன்று. “டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கார். எடுத்துக் காட்டு.” வேறு கேள்வி கிடையாது. நம் ஊரில் இரண்டு வகைக் குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது. சிவப்பு மூடி 40 யூனிட் குப்பிக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கு. சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, 100 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை உறிஞ்சினால் உள்ளே வருவது அரை மில்லி. அதாவது 50 யூனிட். விடியற்காலையில் அந்த நோயாளிக்கு வியர்த்துக் கொட்டி நினைவு தப்பும். மாற்றிச் செய்தால், 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்கவே இறங்காது. டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்.

இன்சுலின் வகைகளை அட்டவணை போட்டு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கும் பெண்களில் பலர் இந்த இடத்தில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கைக்கு முதலில் வந்த சிரிஞ்சை எடுப்பார்கள். ஆனால் கிராமத்திலிருந்து வந்த, ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் திணறுகிற ஒரு பெண் இரண்டு குப்பியையும் கண்ணுக்கு நேரே தூக்கி லேபிளை வாசித்துவிட்டு, “மேடம், எந்த பாட்டில்னு சொல்லலையே” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எழுத்துத் தேர்வில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி போட ஆள் தேட வேண்டுமானால் அவளைத்தான் தேடுவேன்.

அடுத்து லாக் புக். பழைய பாடத்திட்டப்படி, மாணவி படிப்பை முடிக்கும் முன் 20 இயல்பான பிரசவங்களைத் தானே பார்த்திருக்க வேண்டும். கேஸ் புக்கில் தாயின் பெயர், நேரம், குழந்தையின் எடை, நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா என்பது வரை எழுத வேண்டும். ஒரு பிரசவ அறைக்கு ஒரு பள்ளி என்றிருந்த காலத்தில் இது நடந்தது. இன்று ஒரே அரசு மருத்துவமனையின் பிரசவ அறைக்கு நாலு கல்லூரியின் நாலு நிறச் சீருடை வருகிறது. ஒரு தாயைச் சுற்றி எட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். கையுறை போட்டவள் ஒருத்தி. கேஸ் புக்கில் அந்தப் பிரசவத்தை எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நிரம்புகிறது, கையெழுத்து விழுகிறது. புதிய பாடத்திட்டம் எண்ணிக்கைகளை மாற்றியிருக்கலாம். அந்தக் கையெழுத்தின் மதிப்பு மாறவில்லை.

இதன் விளைவு எங்கே போய் விழும் என்பதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் நைட் டியூட்டியைச் சொல்லலாம். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள்; நாடு முழுவதும் பார்த்தால் 97. இந்தப் பெருமையில் ஒரு பெரிய பங்கு, ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்த ஏற்பாட்டுக்கு உண்டு. அந்த நர்ஸ் இரவில் தனி ஆள். வலியோடு வந்த பெண்ணுக்கு ஜன்னி கண்டுவிட்டால், 108 வருவதற்குள் மக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸைப் போட்டாக வேண்டும். ஒரு பிட்டத்தில் 5 கிராம், மறு பிட்டத்தில் 5 கிராம். ஓர் ஆம்பூலில் இருப்பது 1 கிராம். அப்படியென்றால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், நாக்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியே அலறும் மாமியாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, சிறுநீர் போகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து அதிகமானால் அடங்குவது மூச்சுதான். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று வருடமும் எண்ணாமல் 20 எழுதிப் பழகிய கை, அன்றைக்கு மட்டும் எப்படி எண்ணும்?

இதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2021-ல் இந்திய செவிலியர் மன்றம் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை எட்டு செமஸ்டராக மாற்றி, திறன் சார்ந்த கல்வி என்பதை உள்ளே கொண்டுவந்தது. ஆஸ்கி என்கிற தேர்வு முறையும், மருத்துவமனையிலேயே நேரில் நின்று பார்த்து மதிப்பிடும் முறையும் அதில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் எழுதிக் காட்டிய வழி இந்த ஆஸ்கி. வரிசையாகச் சில மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, சில நிமிடங்கள். மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லா மாணவிக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல். எக்ஸாமினரின் முகராசிக்கு அங்கே வேலை இல்லை. எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறது என்ற அளவில் இதை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன்.

ஆனால் எட்டு போடத் தெரிந்தவரெல்லாம் பெரியார் பஸ் நிலையம் முன்பு வண்டி ஓட்டிவிட முடியாது. ஆஸ்கி மேசையில் பொம்மைக்கு வலிக்காது. அது பயப்படாது, “ஏம்மா, அந்த வெள்ளை மாத்திரை எனக்கு ஒத்துக்காதே” என்று சொல்லாது. பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் வாந்தி எடுக்க மாட்டார். மில்லரின் மூன்றாம் படி வரை ஆஸ்கி நம்மைத் தூக்கிவிடும். நான்காம் படி வார்டில்தான் இருக்கிறது. அங்கே நின்று பார்க்க ஆள் வேண்டும்.

இந்த ஆள் ஒரு காலத்தில் இருந்தார். 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் பள்ளி மருத்துவமனைக்குள்ளேதான் இருந்தது. சொல்லித் தருபவரும் வேலை வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நான் படித்தபோது எங்கள் வார்டு சிஸ்டர், மருந்து கொடுக்கும் நேரத்தில் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பார். மாத்திரையை நோயாளியின் கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால், “அவரு முழுங்கினதைப் பார்த்தியா?” என்பார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மாணவிகளைச் சம்பளமில்லாத வேலைக்காரிகளாக நடத்தினார்கள். திட்டு நோயாளிகளின் முன்னாலேயே விழும். சிஸ்டருக்குப் பிடித்தவள், பிடிக்காதவள் என்ற கணக்கும் உண்டு. ஆனாலும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கல்லூரிகள் பெருகின. சொல்லித் தருபவர் கல்லூரி ஆள், வேலை செய்பவர் மருத்துவமனை ஆள் என்று இரண்டாகப் பிரிந்தது. மாணவிகளோடு வருகிற கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டருக்கு அந்த வார்டில் எந்த அதிகாரமும் இல்லை. பல நேரம் அவரே போன வருடம் படிப்பை முடித்தவர். வார்டு சிஸ்டருக்கு மாணவியைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. இடையில் நிற்கிற பெண், பி.பி. பார்ப்பதும் பெட்ஷீட் மாற்றுவதும் ரிப்போர்ட் வாங்க லேபுக்கு ஓடுவதுமாகப் போஸ்டிங்கை முடித்துவிடுகிறாள். வேலூர் சி.எம்.சி. இந்தப் பிரிவினைக்கு இடம் கொடுக்கவில்லை. டெல்லியோடு சேர்ந்து 1946-ல் நாட்டின் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கிய அந்த இடத்தில், கல்லூரியில் பாடம் நடத்துபவர்களே வார்டின் பொறுப்பையும் சுமக்கிற ஏற்பாடு இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு உலகம் முழுக்க ஏன் மதிப்பு என்று கேட்பவர்கள் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். இந்த ஏற்பாட்டைப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. நம் பிள்ளை பிரிட்டனில் வேலைக்குப் போக வேண்டும் என்றால், கணினித் தேர்வை முடித்த பின் அங்கே பத்து மேசை ஆஸ்கியில் தேற வேண்டும். அதில் நான்கு மேசைகள் ஒரே நோயாளியின் கதை. நிலைமையை அறிதல், திட்டமிடுதல், செய்தல், செய்ததைச் சரிபார்த்தல். இதற்காகவே இங்கே கோச்சிங் சென்டர்கள் நடக்கின்றன. ஆக, லண்டனில் படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்துக்கு நம் செவிலியர் போகும் முன் ஒருவர் நின்று பார்த்துவிடுகிறார். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ படுத்திருப்பவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. போகிறவரும் இருப்பவரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

என் யோசனையைச் சொல்கிறேன். மாணவிகள் வரும் ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஷிஃப்டுக்கு ஓர் அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸை வழிகாட்டியாகப் போடுங்கள். அன்று அவருக்கு நோயாளிக் கணக்கில் பாதி குறைய வேண்டும். இதற்கென ஒரு படி கொடுக்க வேண்டும். பதவி உயர்வில் இது ஒரு தகுதியாக எண்ணப்பட வேண்டும். அவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பத்து நிமிடம் ஒரு மாணவியைப் பின்தொடர்ந்து பார்ப்பது. ஒரு நாள் மருந்து கொடுப்பதை, ஒரு நாள் வென்ஃப்ளான் போடுவதை, ஒரு நாள் ஹேண்டிங் ஓவர் சொல்வதை. பார்த்து முடித்ததும் ஒரு சீட்டில் மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும்: தனியே விடலாம், பக்கத்தில் ஆள் வேண்டும், இன்னும் விடக் கூடாது. கீழே ஒரே வரியில் காரணம். ஒரு பருவத்தில் வெவ்வேறு பேர் எழுதிய இப்படிப் பல சீட்டுகள் சேரட்டும். “இன்னும் விடக் கூடாது” என்பது தொடர்ந்தால், அந்தப் போஸ்டிங்கை அவள் திரும்பச் செய்யட்டும். அதற்குத் தண்டனைக் கட்டணமும் வேண்டாம், அவமானமும் வேண்டாம். இந்தச் சீட்டுகள் இல்லாமல் லாக் புக்கில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

சிஸ்டருக்கு வேண்டியவள் பாஸ், வேண்டாதவள் ஃபெயில் என்றாகிவிடாதா என்று கேட்பார்கள். ஒருவரே மதிப்பிட்டால் ஆகும். பலர் பார்த்தால் ஒருவரின் கோபதாபம் கரைந்துவிடும். உண்மையில் நான் அஞ்சுவது இதற்கு நேர்மாறான ஒன்றை. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003-ல் செய்த ஆய்வு, தேறாத மாணவியைத் தேறவில்லை என்று சொல்ல வழிகாட்டிகள் தயங்குகிறார்கள் என்பதை எடுத்து வைத்தது. பாவம், கடைசி வருடம். குடும்ப நிலைமை சரியில்லை. அடுத்த போஸ்டிங்கில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நம் ஊரில் இதோடு, “அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார் மேடம்” என்ற வரியும் சேரும். அந்த வரி எனக்கும் கனமானதுதான். ஆனால் இரக்கத்தில் நாம் போடும் கையெழுத்தின் விலையை, முகம் தெரியாத ஒரு நோயாளி கொடுக்கிறார். சீக்கிரமே, முதல் போஸ்டிங்கிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கடைசி வருடம் வரை தள்ளிப்போடுவதுதான் கொடுமை.

கனமான எதிர்வாதம் இன்னொன்று: ஆளே இல்லாத இடத்தில் நின்று பார்க்க ஆளுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஐ.சி.யு.வில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது விதி. நடைமுறை எத்தனை தூரத்தில் நிற்கிறது என்பது உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும். தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரத்துக்காக 2017-ல் சென்னையில் உட்கார்ந்து போராடியதை மறந்திருக்க மாட்டோம். இருக்கிற ஆட்களின் நேரமும் இன்டென்ட் எழுதுவதிலும், ரிஜிஸ்டர் நிரப்புவதிலும், பிக்மி என்கிற கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் ஏற்றுவதிலும் கரைகிறது. எழுத்து வேலைக்கு ஒரு டேட்டா என்ட்ரி ஆளைப் போட்டால் பாதி வார்டுகளில் ஒரு செவிலியரின் நேரம் மீளும். தனியார் கல்லூரிகள் தங்கள் மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்ப அரசு மருத்துவமனைக்குப் பணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, அந்த மாணவிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்குப் போவதில் என்ன தடை?

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. மத்திய அரசு 2015-ல் தொடங்கிய தக்ஷதா திட்டத்தில், சில மாநிலங்களின் பிரசவ அறைச் செவிலியர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு விட்டுவிடாமல், வழிகாட்டிகள் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய் நின்று பார்த்துத் திருத்தும் ஏற்பாட்டையும் செய்தார்கள். ஓர் அறைக்கு, ஒரு வேலைக்குச் செய்ததை எல்லா வார்டுக்கும் விரிக்கலாம்.

படிப்பு முடிந்த பிறகு என்ன என்பதையும் கேட்டாக வேண்டும். பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுக்கு 150 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்கிறார்கள். அந்த மணி நேரங்கள் எங்கே சேர்கின்றன? ஆடிட்டோரியத்தில், குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். பின் வரிசையில் நைட் டியூட்டி முடித்து வந்த பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிரிட்டனில் 2016 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணி நேரம் வேலை செய்ததற்குச் சான்றும், 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். அதோடு, தன் வேலையைப் பற்றித் தானே எழுதிய ஐந்து குறிப்புகளை இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். நாம் அதை அப்படியே எடுக்கத் தேவையில்லை. நம் 150 மணியில் ஒரு பாதியாவது அவரவர் வார்டிலேயே, இன்னொருவர் பார்க்க, வேலை செய்து திருத்திக்கொண்ட மணிகளாக இருக்கட்டும்.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் மாநிலத்தின் பதிவு மன்றத்துக்கோ 1926 வரை பின்னால் போகும் வேர் இருக்கிறது. சட்டம் புதிதாகும்போது சோதனைக்கு வருகிறவர்களின் கேள்வியும் புதிதாக வேண்டும். இன்று ஆய்வுக் குழு வந்தால் படுக்கையை எண்ணுகிறது, லேபில் பொம்மையை எண்ணுகிறது, லைப்ரரியில் புத்தகத்தை எண்ணுகிறது, ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறது. எண்ணட்டும். அதோடு, பெயர்ப் பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி மூன்று கேள்வி கேட்கட்டும். இவள் நோயாளிக்கு மருந்து கொடுப்பதைக் கடைசியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்? எந்தத் தேதியில்? என்ன சொன்னார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் காட்ட முடியாத கல்லூரிக்கு, அது அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், அடுத்த ஆண்டு சீட்டு குறைய வேண்டும்.